ஆய்வுகூடத்தில் அன்று யார் இருந்தார்கள்

அம்பிட்டிய, கண்டி
2008 ஜனவரி 21

சந்திரிகா டீச்சருக்கு,

என்னைத் தங்களுக்குத் தெரியாது. தங்கள் தம்பி லோகநாதனுக்குக் கம்பஸில் மென்பொருட் பொறியியல் படிப்பிக்கிற கமலாசனி நான். என்னைப் பற்றி அவன் வீட்டில் என்ன சொல்லியிருப்பான் என்று ஊகிக்க முடியும். அதை எனக்கு எழுத வேண்டாம்.

போன வருடம் வரை பிள்ளைகள் நூறு பக்கத்துக்குத் திட்டம் எழுதுவார்கள். வருடக் கடைசியில் ஒரு புரோகிராம் செய்வார்கள். அதை ஒருவரும் பாவித்ததில்லை, செய்தவர்கள் உட்பட. இந்த வருடம் நான் அதை மாற்றிவிட்டேன். வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரண்டு கிழமைக்கு ஒரு துண்டை முடித்து, பாவிக்கப் போகிறவரிடம் காட்ட வேண்டும். அவர் பிழை சொன்னால் திருத்திவிட்டு அடுத்த துண்டு. இரண்டு பேருக்கு ஒரு கணினி: ஒருவர் எழுத, மற்றவர் பக்கத்துக் கதிரையில் இருந்து பிழை பார்ப்பார். தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எது தடுக்கிறது என்று சொல்ல வேண்டும். ஏன் நிற்க வைக்கிறேன் என்றால், இருக்க விட்டால் எங்கட பிள்ளைகள் மத்தியானம் வரை கதைப்பார்கள்.

ஒரே ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறேன். சோடியில் ஒருவர் வராவிட்டால் மற்றவருடைய அன்றைய வேலைக்கும் புள்ளி இல்லை. இருவரும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இப்படிக் கட்டாவிட்டால் கெட்டிக்காரர் வேலை செய்ய, மற்றவர் நித்திரை கொள்வார்.

இந்த முறைக்கு உண்மையான வாடிக்கையாளர் ஒருவர் வேண்டும். லோகநாதன் தங்களைச் சொன்னான். அவனும் அவனுடைய சோடியும் தங்கள் பாடசாலைக்குப் பாட நேரசூசி போடும் புரோகிராம் ஒன்றைச் செய்யப் போகிறார்களாம். இந்த நாட்களில் செக்பொயின்ற் எல்லாம் தாண்டி இரண்டு கிழமைக்கு ஒருமுறை தங்களை வரச் சொல்ல எனக்கு மனமில்லை. கடிதத்தில் எழுதுங்கள். என்ன வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். எப்படிச் செய்வது என்பது அவர்கள் தலையிடி.

கமலாசனி


மடுல்கெல்ல
2008 ஜனவரி 29

கமலாசனி மிஸ்ஸுக்கு வணக்கம்.

என்னை வாடிக்கையாளர் என்று எங்கள் கடைக்காரர்கூட இதுவரை கூப்பிட்டதில்லை. உங்கள் கடிதத்தை ஸ்டாப் ரூமில் சத்தமாக வாசித்தேன். இனிமேல் எனக்கு முதலில் தேத்தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். ஏழு டீச்சர், பதினொரு வகுப்பு, நான்கு அறை, ஒரு ஹால். மழை பெய்தால் ஹால் ஒழுகும். எங்கள் பக்கம் மழை பெய்யாத நாளைத்தான் விசேஷமாகச் சொல்ல வேண்டும். ஆகவே ஹால் இல்லாத நாளுக்கு ஒரு நேரசூசி, இருக்கிற நாளுக்கு ஒன்று. விஞ்ஞான டீச்சர் வத்தேகமவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். ரவுண்டப் என்று ரோட்டை மறித்துச் சோதித்தால் பத்து மணிக்குத்தான் வந்து சேருவார். அவருக்கு முதல் பாடம் போடக் கூடாது. இதையெல்லாம் உங்கள் மெசின் தாங்குமா?

தம்பி உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். அவன் எதைப் பற்றியும் சொல்ல மாட்டான். எது கேட்டாலும் "ம்". அவனைக் காலையில் நாற்பது பேருக்கு முன்னால் நின்று பேச வைக்கிறீர்கள் என்றதும் நான் நம்பவில்லை. கலகெதரயிலிருந்து வரும் ரபீகா என்ற பிள்ளைதான் அவனுக்குச் சோடி என்று சொன்னான். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய் வந்த களைப்பிலும் அதைக் கேட்டுவிட்டு, "என்னாது, ரெண்டு பேருக்கு ஒரு மெசினா? கம்பஸ்லயுமா பத்தாக்கொற?" என்றார்.

எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து கம்பஸுக்குப் போன முதல் பிள்ளை அவன். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் மிஸ்.

செ. சந்திரிகா


மடுல்கெல்ல
2008 பெப்ரவரி 26

மிஸ்,

தம்பியைப் பொலிஸ் பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் போடிங் வீட்டுக்கு வந்து கொண்டுபோயிருக்கிறார்கள். பத்தொன்பதாம் திகதி பின்னேரம் மூன்றரை மணிக்கு டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பொதியை வைத்துவிட்டுப் போனார்கள். அதில் குண்டு இருந்தது. வெடிப்பதற்கு முன் கண்டுவிட்டார்கள். கண்ணாடி போட்ட, நீலப் பை வைத்த தமிழ்ப் பொடியன் என்று ஒரு கடைக்காரர் சொன்னாராம். தம்பி கண்ணாடி போட்டிருக்கிறான். அவனிடம் நீலப் பை இருக்கிறது.

அம்மாவும் நானும் ஞாயிற்றுக்கிழமை போனோம். இரண்டு நிமிடம் பார்க்க விட்டார்கள். "லாப்லதான் இருந்தேன்க்கா" என்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா நித்திரையாகிவிட்டார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தேன். அழுகை வரும் வரும் என்று இருந்தேன், வரவில்லை.

மிஸ், பத்தொன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை. செவ்வாய் பின்னேரம் உங்கள் லாப் என்று எனக்குத் தெரியும், இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. அவன் அங்கே இருந்ததைப் பார்த்தேன் என்று ஒரு கடிதம் தாருங்கள். ஒரு பக்கம் போதும். கண்டியில் வரதராசா என்ற சட்டத்தரணியைப் பிடித்திருக்கிறோம். அந்தக் கடிதத்தோடு வெளியே எடுக்கலாம் என்கிறார்.

போனில் பேசப் பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

சந்திரிகா


கண்டி
2008 மார்ச் 4

அன்புள்ள சந்திரிகா டீச்சர்,

கடிதம் கிடைத்தது. மிகவும் வருந்துகிறேன்.

விடயம் விசாரணையில் இருப்பதால் நான் அதிகம் எழுத முடியாது. தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

அன்றைய சோடித் தாளில் லோகநாதனும் ரபீகாவும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அது போயா விடுமுறை வாரம். அநேகமான பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். ரபீகாவும் ஒன்றரை மணிக்கே கலகெதர பஸ் ஏறிவிட்டாள். இந்த நாட்களில் பொழுதுபடுவதற்கு முன் வீட்டில் நிற்க வேண்டும் என்பது அவளுடைய வாப்பாவின் சொல். பொலிஸார் கேட்டபோது அவள் அதை மறைக்கவில்லை. அவளுடைய கையெழுத்தைப் போட்டவன் தங்கள் தம்பி. ஒரு கையெழுத்துப் பொய் என்றானதும் தாள் முழுவதையும் அவர்கள் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

கணினியில் அன்று பிற்பகல் 3.12க்கும் 3.40க்கும் வேலை சேமிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு சோடிக்கு ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அப்படித்தான் நான் வைத்திருந்தேன். அவனுக்காக ஒரு சிநேகிதன் தட்டியிருக்கலாம் என்கிறார் பொலிஸ் அதிகாரி. கண்ணால் கண்ட ஒருவர் வேண்டுமாம்.

என்னிடமும் கேட்டார்கள். சொல்லக்கூடியதைச் சொன்னேன். அவனைப் பார்த்தேன் என்று கடிதம் தரக்கூடிய நிலையில் நான் இல்லை.

கமலாசனி


மடுல்கெல்ல
2008 மார்ச் 11

மிஸ்,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அழகாக எழுதுகிறீர்கள். அதில் என் தம்பியைத்தான் காணவில்லை.

சோடி வராவிட்டால் புள்ளி இல்லை என்று சட்டம் போட்டது யார்? அந்தப் பிள்ளை பஸ்ஸுக்குப் போக வேண்டும். இவன் தனியாக உட்கார்ந்து இரண்டு பேர் வேலையைச் செய்திருக்கிறான். அவளுக்குப் புள்ளி போகக் கூடாது என்று அவளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். தப்புத்தான். அதற்கு நீங்கள் புள்ளியை வெட்டுங்கள். முழங்காலில் நிற்க வையுங்கள். இதற்கெல்லாம் ஒருவனை உள்ளே கிடக்க விடுவார்களா?

நேற்று யார் வந்தது தெரியுமா? ரபீகாவும் அவளுடைய வாப்பா ஜமால்தீனும். கலகெதரயிலிருந்து மூன்று பஸ் மாறி, எங்கள் லயத்துக்கு வழி கேட்டுக் கேட்டு வந்தார்கள். அந்தப் பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. நானும் அங்கே இருந்தேன் என்று பொலிஸில் போய் மாற்றிச் சொல்கிறேன் என்றது. ஜமால்தீன் நானா கதிரையில் உட்காரக்கூட இல்லை. "எங்கட மகள் பொய் சொல்ல ஏலா தங்கச்சி, சொன்னா அவளையும் பிடிப்பாங்க. ஆனா நான் ரெண்டு தரம் பொலிசுக்குப் போய் அவன் நல்ல புள்ளண்டு சொல்லிட்டு வந்தேன். இன்னமும் போவேன்" என்றார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. வந்தாரே.

நீங்கள் கண்டியில் இருக்கிறீர்கள். பொலிஸும் கண்டியில். சொல்லக்கூடியதைச் சொன்னேன் என்கிறீர்கள். என்ன சொன்னீர்கள் மிஸ்?

சந்திரிகா


கண்டி
2008 ஏப்ரல் 2

சந்திரிகா டீச்சர்,

தங்கள் கோபம் நியாயமானது. பதில் எழுத மூன்று கிழமை எடுத்ததற்கு என்னிடம் காரணம் ஒன்றும் இல்லை. தாளை எடுப்பேன், பிறகு வேறு வேலையைப் பார்ப்பேன்.

வகுப்பு நடக்கிறது. காலையில் நிற்கிறோம். முதல் நாள் லோகநாதனுடைய முறை வந்தபோது நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். இப்போது அவன் முறை வருவதில்லை. பட்டியலை வேறு மாதிரி எழுதிவிட்டேன். ரபீகா கேள்விகளுக்குப் பதில் சொல்கிறாள், என்னைப் பார்ப்பதில்லை.

நான் சாப்பிடுகிறேன், விடைத்தாள் திருத்துகிறேன், நன்றாக நித்திரை கொள்கிறேன். எப்படி என்று எனக்கே விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து நடந்தபோதும் இப்படித்தான் இருந்தேன். அப்போது அது ஒரு பலம் என்று நினைத்தேன்.

தயவுசெய்து கம்பஸ் முகவரிக்கு எழுத வேண்டாம். வீட்டு முகவரிக்கே எழுதுங்கள்.

கமலாசனி


மடுல்கெல்ல
2008 மே 19

மிஸ்,

தம்பியைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். அம்மாவும் நானும் போய் வந்தோம். போக ஒரு நாள், வர ஒரு நாள், பார்க்கக் கால் மணித்தியாலம். மெலிந்திருக்கிறான். அம்மா கொண்டுபோன ரொட்டியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா இப்போதெல்லாம் வீட்டில் இரண்டு பேருக்குத்தான் சமைக்கிறார். முதல் மாதம் மூன்று பேருக்குச் சமைத்தார்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். வரதராசா ஐயா எப்படியோ பொலிஸ் அறிக்கையைப் பார்த்துவிட்டார். அதில் இருந்ததைச் சொன்னார், நான் எழுதி எடுத்துக்கொண்டேன். "அன்று பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக அங்கே இருந்த விரிவுரையாளர், சந்தேகநபரைக் கவனித்ததாகக் கூறவில்லை." வேறு சாட்சி கிடையாது மிஸ். கடைக்காரர் இப்போது முகம் நினைவில்லை என்கிறார். இந்த ஒரு வரியை வைத்துத்தான் அவனை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

நானும் டீச்சர்தான். ஒரு அறையில் மூன்று மணித்தியாலம் இருந்தால், ஆளே இல்லாத போயா வாரத்தில், ஒரு பிள்ளை இருந்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாமல் போகாது. அப்படியென்றால் அவன் அங்கே இல்லை. அப்படித்தானே? எங்கே போனான் மிஸ்? போன கிழமை முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுடைய பெட்டியைத் திறந்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். என் தம்பியின் பெட்டியை, பொலிஸ்காரன் மாதிரி. ஒன்றும் இருக்கவில்லை. இருக்கவில்லையே என்று நிம்மதியும் வரவில்லை.

அவன் செய்யவில்லை என்று நம்புகிற ஆள் உலகத்தில் அம்மா மட்டும்தான் இப்போது. அம்மாவோடு சேர்ந்து நிற்க எனக்கு ஒரு வார்த்தை வேண்டும். அவன் இருந்தானா, இல்லையா?

சந்திரிகா


கண்டி
2008 ஜூன் 3

சந்திரிகா,

லோகநாதன் அங்கேதான் இருந்தான். அங்கே இருக்காதவள் நான்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு ஆய்வுகூடத்தைத் திறந்தேன். மேற்பார்வைப் புத்தகத்தில் இரண்டு தொடக்கம் ஐந்து வரை என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வைத்தேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வைப்போம். லோகநாதன் வந்து, பக்கத்துக் கதிரையில் தன் பையை வைத்துவிட்டு, வேலையைத் தொடங்கினான். அவனைத் தவிர ஒருவரும் இல்லை. இரண்டே காலுக்கு நான் பின்கதவால் இறங்கி டவுனுக்குப் போனேன். அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்வதற்கான என்னுடைய பத்திரங்களை அனுப்ப வேண்டியிருந்தது. அலுவலகம் நான்கு மணிக்குப் பூட்டிவிடும். திரும்பி வரும்போது ஐந்தரை. கதவு சாத்தியிருந்தது, லைட் அணைத்திருந்தது. பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பொலிஸார் வந்தபோது மேற்பார்வைப் புத்தகம் மேசையில் விரித்திருந்தது. என் கையெழுத்தைக் காட்டி, "மூன்றரை மணிக்கு அவரைக் கண்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். நான் அங்கே இல்லை என்று சொன்னால் பொய்க் கையெழுத்து வைத்தவள் ஆவேன். அன்று டவுனில் நின்றவளும் ஆவேன், குண்டு வைத்த அதே பின்னேரம். வெளிநாடு போகப் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். கண்டேன் என்றால் அதுவும் பொய். ஆகவே கவனிக்கவில்லை என்றேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை என்று நினைத்து என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். முழு நேரமும் நின்ற ஒருத்தி கவனிக்கவில்லை என்றால் அது என்னவாகும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தேன். அந்தப் பின்னேரமே யோசித்தேன். பிறகு விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன்.

நீங்கள் பெட்டியை உதறிப் பார்த்ததை வாசித்த பிறகுதான் என்னால் இருக்க முடியவில்லை.

இத்துடன் சத்தியக் கடதாசி இருக்கிறது. சமாதான நீதவான் முன்னால் நேற்று ஒப்பமிட்டேன். மூலத்தை வரதராசாவிடம் கையில் கொடுத்தேன், ஒரு பிரதியைத் துறைத்தலைவரிடமும். மேலே எழுதியது எல்லாம் அதில் இருக்கிறது. அன்று 3.12க்கும் 3.40க்கும் எழுதப்பட்டது அவனுடைய கையால்தான் என்பதும் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் எழுதும் விதம் எனக்குத் தெரியும். ரபீகா புரோகிராமுக்குள் நீட்டி நீட்டி விளக்கம் எழுதுவாள். லோகநாதன் ஒரு சொல்லுக்கு மேல் எழுத மாட்டான். இரண்டு வரியை வைத்தே இது யார் என்று சொல்லிவிடுவேன். இதை மார்ச் மாதமே சொல்லியிருக்கலாம். அதற்கும் என்னிடம் காரணம் இல்லை, பயத்தைத் தவிர.

கம்பஸில் எனக்கு விசாரணை. அதுவரை படிப்பிக்க வேண்டாம் என்றிருக்கிறார்கள். சான்றிதழ் இனி வராது. இதற்காக என்னை நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம். நூறு நாளுக்கு மேல் எடுத்திருக்கிறேன்.

கமலாசனி


மடுல்கெல்ல
2008 செப்டெம்பர் 8

மிஸ்ஸுக்கு,

தம்பியை ஓகஸ்ட் 29ஆம் திகதி விட்டுவிட்டார்கள். உங்கள் சத்தியக் கடதாசிதான் வேலை செய்தது என்று வரதராசா ஐயா சொன்னார். சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன்.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை அவன் வரும் வரை பத்திரமாக வைத்திருந்தேன். போன ஞாயிறு வாசித்துக் காட்டினேன். வலது பக்கமாக உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். இடது காது இப்போது கேட்பதில்லை. ஏப்ரல் மாதத்தில் போனதாம். அம்மாவுக்கு அது தெரியாது. கூப்பிட்டால் பேசாமல் இருக்கிறான், புத்தி எங்கேயோ இருக்கிறது என்று நினைக்கிறார்.

நீங்கள் அங்கே இருக்கவில்லை என்ற இடத்தை வாசித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட வேண்டும் என்றும் நினைத்தேன்.

"தெரியும்க்கா" என்றான்.

அன்று மூன்று மணியளவில் நேரசூசிப் புரோகிராம் சரியாக ஓடத் தொடங்கியதாம். உங்களிடம் காட்டலாம் என்று உங்கள் அறைக்குப் போனானாம். பூட்டியிருந்ததாம். கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு, திரும்பிப் போய்த் தொடர்ந்து வேலை செய்தானாம். முகாமில் அவனை அடித்தவர்கள், உன் மிஸ் அங்கேயே இருந்தாள், உன்னைக் காணவில்லை என்கிறாள் என்று ஒவ்வொரு நாளும் சொன்னார்களாம். அப்போதெல்லாம் அவனுக்கு நீங்கள் அங்கே இல்லை என்று தெரியும்.

"ஏன்டா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவங்க போய் பார்த்திருப்பாங்களே!" என்று கத்தினேன்.

"மிஸ்ஸும் தமிழ்தானேக்கா. நான் சொன்னா அவங்களையும் கூட்டிட்டு வந்துருப்பாங்க."

இவ்வளவையும் ஒரே மூச்சில் அவன் பேசி நான் கேட்டதில்லை. பேசிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். கம்பஸுக்குத் திரும்பிப் போக மாட்டானாம். தேயிலைப் பேக்டரியில் வேலை கேட்டிருக்கிறான்.

இதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்று சொன்னான். நான் எழுதிவிட்டேன்.

சந்திரிகா